ஸ்கோப் நார்மல், ரத்தம் நார்மல், வலி மட்டும் போகவில்லை: ஐ.பி.எஸ். வயிற்று வலியில் நோயெதிர்ப்பு செல்களுக்கு என்ன வேலை?

கோத்தகிரி_செவிலி கேட்கிறார்:

வணக்கம். கோத்தகிரி சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கொடுப்பதற்காக ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சல் குடல் நோய்) பற்றி ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். இந்தத் தொந்தரவோடு வருபவர்களின் ஃபைலைத் திறந்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி: கொலனோஸ்கோபி நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல். "உடம்பில் ஒண்ணுமில்லை, மனசை அமைதியா வெச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் சாப்பிட்ட அரை மணியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கொழுந்து பறிப்பதை நிறுத்தி உட்காருகிறவரிடம் போய் "ஒண்ணுமில்லை" என்று எப்படிச் சொல்வது?

குடலில் இருக்கும் நோயெதிர்ப்பு செல்கள் நரம்பைத் தூண்டுவதால் இந்த வலி வருகிறது என்று படித்தேன். அழற்சி எதுவும் கண்ணுக்குத் தெரியாத குடலில் அது எப்படி நடக்கிறது? ஒவ்வாமையில் வருகிற அதே செல்கள்தான் என்றால், அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் ஏன் ஒன்றும் வருவதில்லை? ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்து போன பிறகுதான் ஆரம்பித்தது என்று பலர் சொல்கிறார்களே, அது உண்மையா? இங்கே சிலர் தாங்களாகவே செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கு ஏதாவது பலன் உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

உதகை_குடல்மருத்துவர்:

சிஸ்டர், "ஒண்ணுமில்லை" என்ற சொல்லைத்தான் முதலில் அந்தத் தாளிலிருந்து நீக்க வேண்டும். ஸ்கோப் நார்மல் என்றால் புண் இல்லை, கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்று மட்டுமே பொருள். நரம்பு எப்படி இருக்கிறது என்று அந்தக் கருவியால் பார்க்க முடியாது.

பெருங்குடல் புண் நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாகக் குடல் சுவருக்குள் புகுந்து சவ்வைச் சிதைக்கின்றன. சிவந்து புண்ணாவது கேமராவில் தெரிகிறது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் ஏறுகிறது. ஐ.பி.எஸ்ஸில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இங்கே முக்கியமானவை மாஸ்ட் செல்கள். இவை வெளியிலிருந்து வந்தவை அல்ல, எல்லோருடைய குடல் சவ்விலும் எப்போதும் இருப்பவை. உள்ளே ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்றவற்றைச் சிறு சிறு துகள்களாகச் சேர்த்து வைத்திருக்கும். தூண்டப்பட்டால் அவற்றைக் கொட்டிவிடும்.

2004இல் இத்தாலியின் பொலோனா நகரில் பார்பராவின் குழு ஐ.பி.எஸ். நோயாளிகளின் பெருங்குடல் திசுவில் ஒன்றைக் காட்டியது. அவர்களிடம் மாஸ்ட் செல்கள் நரம்பு இழைகளிலிருந்து 5 மைக்ரோமீட்டருக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தொலைவுக்குள், அதிகமாக இருந்தன. எவ்வளவுக்கு அவை நரம்பை ஒட்டி இருந்தனவோ அவ்வளவுக்கு வலியும் கடுமையாக, அடிக்கடி வந்தது. 2007இல் அதே குழு, நோயாளிகளின் திசுத் துண்டிலிருந்து கசிந்த திரவத்தை எலியின் குடல் நரம்பில் விட்டுப் பார்த்தபோது அந்த வலி நரம்புகள் தூண்டப்பட்டன. ஆரோக்கியமானவர்களின் திசுத் திரவத்துக்கு அப்படி ஆகவில்லை. "மனசுதான் காரணம்" என்று சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். எலியின் நரம்புக்கு நம் நோயாளியின் மனக்கவலை தெரியாது.

கொட்டியது நரம்பை என்ன செய்கிறது என்பது அடுத்த கட்டம். ஹிஸ்டமின் நரம்பில் உள்ள எச்-1 ஏற்பியில் (ஏற்பி என்பது செல்லின் மேல் சேதியை வாங்கும் புரதம்) ஒட்டி, டிஆர்பிவி-1 என்ற வாயிலை எளிதில் திறக்கிற நிலைக்குக் கொண்டுவருகிறது. மிளகாயின் கேப்சைசின் போய் ஒட்டுவதும் இதே டிஆர்பிவி-1இல்தான். "காரம் பட்டாலே குடல் பிடிக்குது" என்று நோயாளி சொல்வதற்கு இதில் நேரான விளக்கம் இருக்கிறது. டிரிப்டேஸ் வேறு வழியில் வேலை செய்கிறது. நரம்பின் மேலுள்ள பார்-2 ஏற்பியின் நுனியை அது வெட்டிவிடும். வெட்டுப்பட்ட புது நுனி அதே ஏற்பியில் மடிந்து ஒட்டி அதை இயக்கிவிடும். தூண்டப்பட்ட நரம்பு தன் பங்குக்கு சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளைச் சுரக்கும். அது திரும்பவும் மாஸ்ட் செல்லைத் தூண்டும். இந்தச் சுற்று ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

விளைவு என்ன என்றால், தீக்காயம் பட்ட தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே எரிவது போல, மற்றவர்கள் கவனிக்கவே கவனிக்காத அளவு வாயுவும் மலமும் இவர்களுக்கு வலியாகிவிடும். மலக்குடலில் பலூனை வைத்து மெதுவாக ஊதிப் பார்க்கும் பேரோஸ்டாட் சோதனையில் இந்த நோயாளிகளில் பலருக்குக் குறைந்த அழுத்தத்திலேயே வலி வந்துவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல, பலருக்கு.

வயிற்றுப்போக்குக்குப் பிறகு ஆரம்பிப்பது உண்மைதான். பாக்டீரியா, புரோட்டோசோவா போன்றவற்றால் குடல் தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதன்பின் ஐ.பி.எஸ். வருகிறது. கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000 மே மாதம் குடிநீரில் ஈ.கோலியும் கேம்பைலோபேக்டரும் கலந்து ஊரே படுத்தது. அந்த மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துத்தான் இந்தத் தொடர்பு உறுதியானது.

இனி அலர்ஜி டெஸ்ட் விஷயம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பூக்ஸ்டான்ஸ் குழு 2021இல் வெளியிட்ட வேலையைப் பாருங்கள். எலிகளுக்குக் குடல் தொற்று இருக்கும்போதே முட்டை வெள்ளைப் புரதத்தையும் கொடுத்தார்கள். தொற்று முழுவதும் ஆறிய பிறகு அதே புரதத்தைத் திரும்பக் கொடுத்தபோது எலிகளுக்கு வயிற்று வலி. தொற்று வராத எலிகளுக்கு அந்தப் புரதம் ஒன்றும் செய்யவில்லை. காரணம், முட்டைக்கு எதிரான ஐஜிஇ, அதாவது ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம், குடல் சுவரில் மட்டும் உருவாகியிருந்தது, ரத்தத்தில் இல்லை. பிறகு 12 ஐ.பி.எஸ். நோயாளிகளின் குடல் சுவரில் கோதுமை, குளூட்டன், சோயா, பால் சாறுகளைச் சிறு ஊசியால் செலுத்தினார்கள். 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது அந்த இடம் வீங்கியது. ஆரோக்கியமான 8 பேரில் 2 பேருக்கு மட்டுமே. எதிர்வினை குடல் சுவரோடு நின்றுவிடுவதால் கையிலிருந்து எடுக்கிற ரத்தத்தில் அது அகப்படுவதில்லை. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதையும் மறக்க வேண்டாம்.

மன அழுத்தம் இதற்கு வெளியே இல்லை. அழுத்தத்தில் சுரக்கும் சிஆர்எச் ஹார்மோன் நேராக மாஸ்ட் செல்லைத் தூண்டக்கூடியது. லூவனிலேயே 2014இல் மாணவர்களை மேடையேற்றிப் பேச வைத்து அளந்தார்கள். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடியவர்களின் சிறுகுடல் கசிவு கூடியது. மாஸ்ட் செல்லை அடக்கும் குரோமோகிளைகேட்டை முன்கூட்டிக் கொடுத்தபோது கூடவில்லை. அதனால் "மனசா, உடம்பா" என்று தாளில் பிரித்து எழுதாதீர்கள். மனசிலிருந்து குடலுக்குப் போகிற ஒரு பாதை இந்த செல் வழியாகத்தான்.

ஒரு எச்சரிக்கை. நோயெதிர்ப்பு செல் என்றதும் ஸ்டீராய்டு நினைவுக்கு வரும். தொற்றுக்குப் பின் வந்த ஐ.பி.எஸ்ஸில் பிரெட்னிசோலோன் கொடுத்துப் பார்த்தார்கள், அறிகுறி குறையவில்லை. குடல் புண்ணுக்குத் தருகிற மெசலமைனும் பெரிய சோதனைகளில் ஏமாற்றியது. புண் ஆற்றுகிற மருந்துக்கு இங்கே ஆற்றுவதற்குப் புண் இல்லை.

---

கோவை_திசுநோயியல்:

மேலே டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதைப் படித்துவிட்டு "பயாப்சியில் மாஸ்ட் செல் எண்ணிச் சொல்லுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள்.

வழக்கமான ஹெமடாக்சிலின்–இயோசின் சாயத்தில் மாஸ்ட் செல்லைப் பிளாஸ்மா செல், லிம்ஃபோசைட் கூட்டத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். டொலுடின் புளூ போடலாம் என்றால், சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்களின் துகள்கள் ஃபார்மலினில் ஊறிய பிறகு அந்தச் சாயத்தைச் சரியாக ஏற்பதில்லை. இருப்பதை இல்லை என்று ரிப்போர்ட் எழுதிவிடுவோம். சிடி117 அல்லது டிரிப்டேஸ் இம்யூனோ சாயம்தான் நம்பகமானது.

அதைப் போட்டு எண்ணினாலும் கிடைக்கிற எண்ணை வைத்து நோயைச் சொல்ல முடியாது. குடலின் எந்தப் பகுதியில் எடுத்த துண்டு என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஆரோக்கியமானவர்களுக்கும் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கும் எண்கள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மாஸ்ட் செல் கூடியிருக்கவே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. செல் எத்தனை என்பதை விட அது துகளைக் கொட்டுகிறதா, நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் வலியோடு ஒத்துப்போகிறது. அதை அளக்க எலக்ட்ரான் நுண்ணோக்கியும் நரம்புச் சாயமும் வேண்டும். ஆய்வுக்கூட வேலை அது, நோயாளி காசு கொடுத்துச் செய்ய வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்கு அதிகமாக உள்ளவர்களுக்குப் பயாப்சி எடுப்பது மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் (நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற பெருங்குடல் அழற்சி) இல்லை என்று உறுதி செய்யத்தான். அதுவும் கேமராவில் நார்மலாகவே தெரியும், பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். ஆகவே பெருங்குடலின் வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் துண்டு எடுத்துத் தனித்தனி பாட்டிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

---

கூடலூர்_மருந்தாளுநர்:

செட்டிரிசின் கேள்விக்கு வருகிறேன். ஐ.பி.எஸ். வலிக்கு அது வேலை செய்கிறது என்று காட்டிய தரமான சோதனை இல்லை. சோதித்துப் பார்க்கப்பட்டது அதே ரக அலர்ஜி மருந்தான எபாஸ்டின். லூவன் குழுவே செய்தது, தினம் 20 மில்லிகிராம், 12 வாரம், மலச்சிக்கல் வகை அல்லாத 202 பேர். முடிவு 2024இல் வந்தது. வலியும் மொத்தத் தொந்தரவும் சேர்ந்து குறைந்தவர்கள் எபாஸ்டின் பக்கம் 12 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 4 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகப் பலன் பெறுபவர்கள் எட்டுப் பேர்தான். இதை நம்பி ஆளாளுக்கு வாங்கிப் போடுகிற மருந்து அல்ல அது.

மாஸ்ட் செல்லை அடக்கும் இன்னொரு அலர்ஜி மருந்தான கீட்டோடிஃபென் 2010இல் நெதர்லாந்தில் 60 பேரிடம் 8 வாரம் சோதிக்கப்பட்டது. பலூன் சோதனையில் குடல் கூர்மையாக உணர்ந்தவர்களுக்கு வலி தொடங்கும் அளவு உயர்ந்தது. ஆனால் தூக்கம் வரும். கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு, அதில் வண்டி ஓட்டுகிறவர் இதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. தோட்டத்தில் கவாத்துக் கத்தி, மெஷின் பிடிக்கிறவர்களுக்கும் அதேதான்.

உண்மையில் பயன்படுகிறவை சாதாரணமானவை. இசப்கோல்: ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சம் என்று கூட்டி, நாளுக்கு 10 கிராம் வரை. ஒவ்வொரு முறையும் ஒரு முழு டம்ளர் தண்ணீர் வேண்டும். முதல் நாளே மூன்று ஸ்பூன் போட்டால் வயிறு ஊதி, "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள். கோதுமைத் தவிடு வேறு ரகம், அது வலியைக் கூட்டிவிடலாம். மெபெவெரின் 135 மில்லிகிராம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால். பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூல் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், கடிக்காமல் விழுங்க வேண்டும். கூடவே ஆன்டாசிட் குடித்தால் மேல்பூச்சு வயிற்றிலேயே கரைந்து நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும்.

இவற்றுக்கு அடங்காத வலிக்கு அமிட்ரிப்டிலின். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் 463 பேரை வைத்து 2023இல் வெளிவந்த சோதனையில் இரவு 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை போனார்கள், 6 மாதத்தில் தெளிவான பலன் தெரிந்தது. மனச்சோர்வுக்குத் தருகிற அளவை விட இது மிகக் குறைவு. குடல் நரம்பின் சேதி மூளைக்கு ஏறுவதை மட்டுப்படுத்தவே தருகிறோம் என்று நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க" என்று வீசிவிடுவார். கிளாக்கோமா, சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரவும் கூடாது.

கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து வேண்டாம். கோடீனே மாஸ்ட் செல்லைத் துகள் கொட்ட வைக்கும், மலத்தையும் கட்டும்.

---

கோத்தகிரி_செவிலி:

மிகவும் பயனுள்ளது. உணவுக்கு என்ன எழுதுவது? பூண்டு, வெங்காயம், அவரை, பால் டீ, இவற்றை விட்டுவிடு என்று மலையில் சொன்னால் யார் கேட்பார்கள்? நோயெதிர்ப்பு செல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அல்லது வெறும் வாயுத் தொல்லையா?

---

கொடை_உணவியல்:

இரண்டும் உண்டு, சிஸ்டர். பூண்டு, வெங்காயம், கோதுமையில் ஃபிரக்டான். அவரை, பட்டாணி, கொண்டைக்கடலையில் காலக்டோ-ஒலிகோசாக்கரைடு. இரண்டுமே சர்க்கரைச் சங்கிலிகள். இவற்றைச் செரிக்கிற நொதி மனிதக் குடலில் கிடையாது, பெருங்குடல் பாக்டீரியா புளிக்க வைக்கிறது. வாயு வருவது அதனால். கனடாவின் மெக்மாஸ்டர் குழு 2022இல் இன்னொன்றைக் காட்டியது. சில ஐ.பி.எஸ். நோயாளிகளின் குடலில் இருக்கும் கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பாக்டீரியா ஹிஸ்டமினைத் தானே தயாரிக்கிறது. அந்த ஹிஸ்டமின் எச்-4 ஏற்பி வழியாக மாஸ்ட் செல்களைப் பெருங்குடலுக்கு இழுக்கிறது. இப்படிப் புளிக்கிற சர்க்கரைச் சத்துகளைக் குறைத்தபோது எலிகளில் அந்த ஹிஸ்டமினும் வலியும் இறங்கின. எச்-4க்குச் செட்டிரிசினோ எபாஸ்டினோ பயன்படாது, அவை எச்-1 மருந்துகள்.

விட்டுவிடு என்று எழுதவே எழுதாதீர்கள். 4 முதல் 6 வாரம் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதுதான் முறை. இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பலர் வருடக்கணக்கில் சோறும் ரசமுமாகவே மெலிந்துபோகிறார்கள். சேர்க்கும்போது ஒரே பொருள், 3 நாள்: முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் இரண்டு மடங்கு, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. வலி வந்தால் நிறுத்தி, 2–3 நாள் இடைவெளி விட்டு அடுத்த பொருள். எடை குறைந்தவர், கர்ப்பிணி, குழந்தைகளுக்குத் தாங்களாக இதைச் செய்ய வேண்டாம்.

பூண்டு: கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, காரமும் மணமும் கூடியது. அதன் மணம் எண்ணெயில் இறங்கும், ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. 100 மில்லி எண்ணெயில் நசுக்காத 4–5 பல்லைக் குறைந்த தீயில் பொன்னிறமாகும் வரை வைத்து, பல் ஒன்றுகூட விடாமல் வடித்து, அந்த எண்ணெயில் தாளியுங்கள். தண்ணீர் சேர்ந்த குழம்பில் பூண்டைப் போட்டுப் பிறகு எடுத்துவிட்டால் பலனில்லை, ஃபிரக்டான் தண்ணீரில் இறங்கிவிடும். அந்த எண்ணெயை வெளியே வைத்து நாள்கணக்கில் பயன்படுத்தாதீர்கள். பூண்டு ஊறிய எண்ணெயில் நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கிற பொட்டுலிசக் கிருமி வளரும். அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீர்ப்பது நல்லது. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும்.

அவரைக்கொட்டை, பட்டாணி: 12 மணி நேரம் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வேக வைக்க வேண்டும். நம் மலை உயரத்தில் தண்ணீர் 92–94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் வேக வெகுநேரம் ஆகும், கொட்டை அரைவேக்காடாக நின்றுவிடலாம். முதல் 4 வாரத்துக்குக் கால் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம்.

பால் டீ: 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ். ஒரே தடவையில் 12 கிராம் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள். ஆகவே அரை டம்ளர் பால் சேர்ந்த டீ ஒன்று பிரச்சினையே இல்லை, அடுத்தடுத்து நான்கு டம்ளர்தான் பிரச்சினை.

மலைப் பழங்கள்தான் யாரும் சந்தேகப்படாதவை. பேரிக்காய், பிளம்ஸ், பீச் மூன்றிலும் குடல் முழுதாக உறிஞ்சாத சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் அதிகம். சீசனில் மடியில் கட்டிக்கொண்டு தின்றுவிட்டு, மதியம் சாப்பிட்ட சோற்றைக் குறை சொல்வார்கள். காலிஃபிளவர், காளானில் அதே ரகமான மானிட்டால் உண்டு. கேரட், உருளைக்கிழங்கு, கீரை, அரிசி, ராகி தாராளமாகச் சாப்பிடலாம்.

காசு வாங்கிக்கொண்டு 100, 200 உணவுக்கு ஐஜிஜி பரிசோதனை செய்து பட்டியல் தருகிறார்கள். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் அந்த உணவை உண்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும், ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அல்ல. அந்தப் பட்டியலைப் பார்த்து எதையும் நிறுத்த வேண்டாம்.

---

உதகை_குடல்மருத்துவர்:

தண்ணீரைப் பற்றி உணவியல் மேடம் தொட்டதால் தாளில் ஒரு வரி சேருங்கள். தொற்றைத் தடுப்பதுதான் இந்த வலிச்சுற்று ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ள நம் கையில் உள்ள வழி. 2000 மீட்டருக்கு மேல், ஊட்டி, கொடைக்கானல் இரண்டும் அதில் வரும், குடிநீர் தளதளவென்று கொதித்த பிறகு 3 நிமிடம் விட வேண்டும். கோத்தகிரி அதற்குக் கீழே, 1 நிமிடமே போதும். ஆனால் எல்லாருக்கும் 3 என்று எழுதினால் தவறில்லை.

ஐ.பி.எஸ். என்று சொல்ல ரோம்-4 என்ற சர்வதேச அளவுகோல்: கடந்த 3 மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வலி, அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக, அல்லது எத்தனை தடவை போகிறது, எப்படிப் போகிறது என்ற மாற்றத்தோடு சேர்ந்ததாக, இம்மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், ஆரம்பித்து 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று முத்திரை குத்தாமல் உடனே அனுப்புங்கள். நம் ஊரில் குடல் காசநோயும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணித் தொற்றும் இதே முகத்தோடு வரும். மலத்தில் கலபுரோடெக்டின் (குடல் அழற்சியில் கூடுகிற புரதம்) கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் புண் நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு.

---

கூடலூர்_மருந்தாளுநர்:

கலபுரோடெக்டின் எழுதும்போது இதையும் கேட்டுவிடுங்கள் சிஸ்டர்: இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போடுகிறாரா என்று. கூடை சுமக்கிற பலரும் போடுகிறார்கள், மருந்து என்று கேட்டால் சொல்வதில்லை, "வலி மாத்திரை" என்று கேட்டால்தான் சொல்வார்கள். இவை குடல் சவ்வை உரசி அந்த அளவைப் பொய்யாக ஏற்றிவிடும், தேவையில்லாத ஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டிவரும். டாக்டரிடம் கேட்டு 2 வாரம் நிறுத்திவிட்டு, அதுவரை பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, பிறகு மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள்.